எரிபொருள் டேங்க் அனுப்புவதும் இறக்குவதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இரட்டைச் சுவர் டேங்க், கண்டெய்னர் வடிவ டேங்க், பம்போடு சேர்ந்த நடமாடும் டேங்க் என்று எது வாங்கினாலும், வாடகைக்கு எடுத்தாலும், கேள்விகள் மட்டும் மாறுவதில்லை. பெரும்பாலும் லாரி கிளம்புவதற்கு முந்தின நாள்தான் கேட்கிறார்கள். அப்போது பாதிக் கேள்விகளுக்கு விடை தெரிந்தும் பயன் இருக்காது. இந்த வேலையை இறக்கும் இடத்தில் ஆரம்பித்துப் பின்னோக்கித் திட்டமிட வேண்டும். அந்த எண்ணத்தோடு கீழே உள்ளதைப் படியுங்கள்.

லிட்டர் கணக்கைச் சொன்னால் டேங்கின் எடையைச் சொல்லிவிடுவீர்களா?

லிட்டரை வைத்து உள்ளே போகும் எரிபொருளின் எடையைச் சொல்லலாம். டீசல் லிட்டருக்கு 0.82 முதல் 0.86 கிலோ, பெட்ரோல் 0.72 முதல் 0.78 கிலோ. ஆக 10,000 லிட்டர் டீசல் சுமார் 8.4 டன். டேங்கின் எடையை இப்படிச் சொல்ல முடியாது. ஒற்றைச் சுவரா, இரட்டைச் சுவரா, தகடு எத்தனை மில்லிமீட்டர், பம்பு அறை எவ்வளவு பெரிது என்பதைப் பொறுத்து ஒரே கொள்ளளவுள்ள இரண்டு டேங்குகளின் எடை டன் கணக்கில் வேறுபடும். டேங்கின் பெயர்த் தகட்டையோ தயாரிப்பாளரின் வரைபடத்தையோ பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

உங்களுக்குத் தேவை இரண்டு எண்கள். லாரிக்கும் கிரேனுக்கும் காலி எடை. வைக்கப்போகும் தரைக்கு நிரம்பிய எடை. இவை இரண்டையும் மாற்றிச் சொல்லிவிடுவதுதான் நான் அதிகம் பார்க்கும் குழப்பம். கிரேன்காரரிடம் 14 டன், தளம் போடுகிறவரிடம் 5 டன் என்று தலைகீழாகப் போய்ச் சேர்ந்திருக்கும்.

டீசலோடவே ஏற்றி அனுப்ப முடியாதா? வந்ததும் நிரப்பத்தானே போகிறோம்.

பெரும்பாலான சேமிப்பு டேங்குகளுக்கு இது முடியாது. ஓரிடத்தில் நின்று எரிபொருளை வைத்திருக்கச் செய்த டேங்க் வேறு, எரிபொருளைச் சுமந்து ரோட்டில் ஓட அனுமதி பெற்ற டேங்க் வேறு. பார்க்க ஒரே மாதிரி இருக்கும். போக்குவரத்து அனுமதித் தகடு இருக்கிறதா என்பதுதான் வித்தியாசம். டீசலுக்கு ஐ.நா. எண் 1202, பெட்ரோலுக்கு 1203. இரண்டுமே மூன்றாம் வகுப்பு, அதாவது தீப்பற்றும் திரவங்கள். அவற்றைக் கொண்டுபோக வண்டி, ஓட்டுநர், காகிதம் எல்லாவற்றுக்கும் தனி விதி உண்டு.

அனுமதி பெற்ற டேங்கிலும் பாதி நிரப்பி அனுப்பக் கூடாது. உள்ளே தடுப்புத் தகடு இல்லாத பெரிய டேங்குக்கு ஆபத்துச் சரக்கு விதிகள் சொல்வது இது: 20 சதவீதத்துக்கு மேல், 80 சதவீதத்துக்குக் கீழ் நிரப்பி ஓட்டாதே. அரைகுறையாக நிரம்பிய திரவம் பிரேக் போட்டால் முன்னால் பாயும், வளைவில் பக்கவாட்டில் ஏறும். வண்டி நின்ற பிறகும் உள்ளே டீசல் நிற்காது.

பழைய டேங்க்தான். டீசலை முழுக்க எடுத்துவிட்டோம். இப்போது காலிதானே?

காலி இல்லை. உறிஞ்சு குழாயின் முனை டேங்கின் தரையைத் தொடாது, சில சென்டிமீட்டர் மேலேயே நிற்கும். பம்பு காற்றை இழுக்க ஆரம்பித்ததும் முடிந்தது என்று நினைப்போம். 6 மீட்டர் நீளம், 2.2 மீட்டர் அகலமுள்ள அடித்தகட்டில் 5 சென்டிமீட்டர் மீதி இருந்தால் 660 லிட்டர் வருகிறது. அரை டன்னுக்கு மேல். இது எடைக் கணக்கிலும் வராது, ஓரிடத்திலும் நிற்காது. கிரேன் தூக்கும்போது தாழ்ந்த பக்கம் ஓடித் தேங்கி டேங்கை இன்னும் சாய்க்கும். இரட்டைச் சுவர் டேங்கில் வெளித் தொட்டிக்குள் மழைநீர் தேங்கியிருக்கிறதா என்றும் பாருங்கள். மூடி சரியாக மூடாத டேங்கில் வேண்டிய அளவு தண்ணீர் சேர்ந்திருக்கும்.

அடுத்தது ஆவி. பெட்ரோல் ஆவி காற்றில் ஏறத்தாழ 1.4 முதல் 7.6 சதவீதம் கலந்திருந்தாலே தீப்பிடிக்கும். அந்த விதத்தில் நிரம்பிய டேங்கைவிடக் காலி டேங்க் மோசம். கழுவாத காலி டேங்கை ஆபத்துச் சரக்கு விதிகள் நிரம்பியதுபோலவே நடத்துகின்றன. எச்சரிக்கைப் பலகைகளைக் கழற்றக் கூடாது. கழுவி, ஆவி நீக்கி, அளந்து பார்த்துச் சான்றிதழ் வாங்கிய பிறகுதான் அது சாதாரண இரும்புச் சாமான். அதுவரை அதில் தூக்கும் காது வெல்டிங் செய்யலாமா என்ற பேச்சே வேண்டாம்.

சாதாரண டிரெய்லர் போதாதா? லோ-பெட் எதற்கு?

எடைக்காக இல்லை, உயரத்துக்காக. சாதாரணத் தட்டை டிரெய்லரின் தளம் தரையிலிருந்து ஏறக்குறைய ஒன்றரை மீட்டர். உயரமான கண்டெய்னர் அளவு டேங்க் 2.9 மீட்டர். கூட்டினால் 4.4 மீட்டர், அதன் மேல் காற்றுக்குழாய், ஏணி, கைப்பிடிக் கம்பி. பல நாடுகளில் 4 மீட்டரைத் தாண்டினாலே தனி அனுமதி வேண்டும். லோ-பெட்டின் தளம் தாழ்வாக இருப்பதால் அரை மீட்டருக்கு மேல் மிச்சமாகும். கழற்றக்கூடிய காற்றுக்குழாயும் கைப்பிடியும் இருந்தால் கழற்றி, போல்ட்டோடு ஒரு பையில் கட்டி, டேங்கின் பம்பு அறைக்குள்ளேயே வைத்து அனுப்பச் சொல்லுங்கள். ஓட்டுநர் கேபினில் வைத்தால் வண்டியோடு திரும்பிப் போய்விடும்.

சின்ன டேங்குக்குக் கிரேன் பொருத்திய லாரி வசதி. ஏற்றியவரே இறக்கியும் கொடுத்துவிட்டுப் போவார்.

கட்டுவது ஓட்டுநர் வேலைதானே, நாங்கள் ஏன் பார்க்கணும்?

கட்டுவது அவர்தான். எங்கே கட்டலாம் என்பது டேங்க் கொடுப்பவருக்குத்தான் தெரியும். ஐரோப்பியக் கட்டுமுறைத் தரம் திடீர் பிரேக்கில் சரக்கின் எடையில் 0.8 பங்கு முன்னோக்கியும், வளைவில் 0.5 பங்கு பக்கவாட்டிலும் தள்ளும் என்று வைத்துக் கணக்கிடுகிறது. 6 டன் டேங்க் என்றால் முன்னோக்கி 4.8 டன். இரும்புத் தளத்தில் இரும்பு டேங்க் வழுக்கும், அதனால் அடியில் ரப்பர் பாய் கட்டாயம். பெல்ட்டை மேற்கூரைத் தகட்டின் மேல் போட்டு முறுக்கினால் தகடு குழியும், பெல்ட் தளரும். கீழ்ச்சட்டத்திலோ மூலை வார்ப்பிலோ (கண்டெய்னர் மூலைகளில் துளையோடு இருக்கும் இரும்புக் கட்டை) நேராகக் கட்டுங்கள். வால்வு, குழாய், ஏணி எதையும் கட்டுமிடமாக நினைக்கக் கூடாது.

கப்பலில் அனுப்பும்போது கண்டெய்னருக்குள் தள்ளிவிடலாமா?

சின்ன டேங்க் உள்ளே போகும். 20 அடி கண்டெய்னரின் கதவு அகலம் சுமார் 2.34 மீட்டர், உயரம் சுமார் 2.28 மீட்டர். ஆனால் உள்ளே போவது பிரச்சினையே இல்லை. அனுப்புகிறவரிடம் தளமேடை இருக்கும், ஃபோர்க்லிஃப்ட் நேராக உள்ளே ஓடிப்போய் வைத்துவிட்டு வந்துவிடும். உங்கள் இடத்தில் கண்டெய்னர் டிரெய்லர் மேல் நிற்கும், அதன் தரை உங்கள் இடுப்புக்கு மேலே இருக்கும், டேங்க் கடைசிச் சுவரை ஒட்டி உட்கார்ந்திருக்கும். ஃபோர்க்லிஃப்ட் ஏறாது, கிரேன் கூரைக்குள் நுழையாது. கடைசியில் சங்கிலி போட்டு இழுப்பார்கள், டேங்கின் அடிச்சட்டம் வளையும். மேலே திறக்கும் கண்டெய்னரைக் கேளுங்கள். அதில் கூரைத் துணியை நீக்கிவிட்டுக் கிரேனால் நேராகத் தூக்கலாம்.

கண்டெய்னர் வடிவிலேயே உள்ள டேங்கைத் தனிக் கண்டெய்னராகவே ஏற்றலாம், அதற்கு 1972 ஆம் ஆண்டின் பாதுகாப்பான கண்டெய்னர் ஒப்பந்தத்தின்படியான தகடு செல்லுபடியில் இருக்க வேண்டும். மூலை வார்ப்பு இருக்கிறது, அதனால் கண்டெய்னர் என்று சிலர் நினைத்துக்கொள்கிறார்கள். தகடு இல்லை என்றாலோ தேதி முடிந்திருந்தாலோ தட்டைச் சட்டத்தின் மேல் சரக்காகத்தான் போகும், வாடகையும் வேறு. 2016 ஜூலை 1 முதல் சரிபார்த்த மொத்த எடையை அறிவிக்காத எந்தச் சரக்குக் கண்டெய்னரும் கப்பலில் ஏறாது. மேலே சொன்ன 660 லிட்டர் மாதிரி விஷயங்கள் இங்கே வந்து மாட்டும். அடியில் வைக்கும் மரக்கட்டைகள் 56 டிகிரியில் 30 நிமிடம் சூடாக்கிய முத்திரையோடு இருக்கட்டும். இல்லையென்றால் கட்டைக்காக டேங்க் துறைமுகத்தில் நிற்கும்.

டெலிவரி சேர்த்துத்தான் விலை சொன்னார்கள். அப்படியானால் இறக்குவதும் அவர்கள்தானே?

ஒப்பந்தத்தில் இருக்கும் மூன்றெழுத்தைப் பாருங்கள். சர்வதேச வணிக விதிகளான இன்கோடெர்ம்ஸின் 2020 பதிப்பில் டி.ஏ.பி. என்று இருந்தால் வண்டி உங்கள் இடத்தில் வந்து, இறக்கத் தயாராக நிற்கும். அதோடு விற்றவர் வேலை முடிந்தது. இறக்குவது நீங்கள். விற்றவரே இறக்கித் தர வேண்டும் என்று சொல்வது டி.பி.யு. மட்டும்தான். அந்தப் பதிப்பின் 11 விதிகளில் வேறு எதிலும் அந்தக் கடமை விற்றவருக்கு இல்லை.

எழுத்து எதுவும் இல்லாத உள்ளூர் ஆர்டராக இருந்தால் ஒரே வரியில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள்: லாரியிலிருந்து தரைக்கு இறக்குவது யார், கிரேன் யாருடையது, காத்திருப்புக் கூலி எத்தனை மணிக்குப் பிறகு தொடங்கும்? இதைக் கேட்கக் கூச்சப்படுகிறவர்கள்தான் பிறகு லாரி வாசலில் நிற்க, கிரேன் தேடிப் போன் செய்துகொண்டிருப்பார்கள்.

எங்களிடம் 5 டன் ஃபோர்க்லிஃப்ட் இருக்கு. டேங்க் 4 டன்தான். தாராளம்தானே?

போதாது. அந்த 5 டன் என்பது சரக்கின் எடைமையம் முட்கரண்டியின் முதுகிலிருந்து 600 மில்லிமீட்டரில் இருந்தால் மட்டும். சின்ன வண்டிகளுக்கு அதுவே 500 மில்லிமீட்டர். உங்கள் டேங்க் 2.4 மீட்டர் அகலம், எடைமையம் நடுவில் என்றாலும் 1.2 மீட்டர் தள்ளி.

கணக்கு இதுதான். முன்சக்கர அச்சிலிருந்து முட்கரண்டி முதுகு வரை அரை மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். வண்டி தாங்கும் திருப்புவிசை 5 டன் பெருக்கல் 1.1 மீட்டர், அதாவது 5.5. அதை 1.7 மீட்டரால் வகுத்தால் கிடைப்பது சுமார் 3.2 டன். நாலு டன் டேங்கைத் தூக்கினால் பின்சக்கரம் எழும்பும், ஸ்டீயரிங் பின்சக்கரத்தில்தான் இருக்கிறது. இது தோராயக் கணக்கு. முடிவாக நம்ப வேண்டியது வண்டியில் ஒட்டியிருக்கும் பளு அட்டவணைத் தகட்டை.

இதோடு முடியவில்லை. பம்பு அறை எந்தப் பக்கம் என்று பாருங்கள். அது உங்களுக்கு எதிர்ப்பக்கம் இருந்தால் எடைமையம் இன்னும் தள்ளிப்போகும். கரண்டி நீளம் சரக்கின் அகலத்தில் மூன்றில் இரண்டு பங்காவது உள்ளே போக வேண்டும், 2.4 மீட்டருக்கு 1.6 மீட்டர். நீட்டிப்பு உறை மாட்டினால் அதன் எடையும் கழியும். டேங்கின் அடியில் கரண்டி நுழையும் பொந்து இருக்கிறதா, அதன் பக்கத்தில் ‘காலியாக மட்டும்’ என்று எழுதியிருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். பொந்து இல்லாத டேங்கின் அடித்தகட்டில் கரண்டியை வைத்துத் தூக்கினால் தகடு கிழியும்.

25 டன் கிரேன் சொல்லியிருக்கோம். 6 டன் டேங்குக்கு அது அதிகம் இல்லையா?

கிரேனின் பெயரில் இருக்கும் டன், கைக்கெட்டும் தூரத்தில் தூக்கும் டன். தூரம் கூடக் கூட வேகமாகக் குறையும். 12 மீட்டருக்குப் போனால் 25 டன் கிரேன்கூட 6 டன்னுக்குத் திணறலாம். தூரம் என்பது கிரேனின் சுழல் நடுவிலிருந்து கொக்கி வரை. தாங்கு கால்கள் விரிந்தால் ஒரு பக்கம் 3 மீட்டர் போகிறது, இடைவெளி 1 மீட்டர், டேங்கின் பாதி அகலம் 1.2. லாரி ஒட்டி நின்று எடுத்தாலே 5 மீட்டருக்கு மேல். இனி சுற்றுச்சுவருக்கு அந்தப் பக்கம் வைக்க வேண்டும் என்றால் அங்கே வரை அளக்க வேண்டும். எடுக்கும் தூரம், வைக்கும் தூரம் இரண்டில் எது அதிகமோ அதுதான் கணக்கு. கொக்கிக் கட்டை, சங்கிலி, பரப்புச் சட்டம் (சங்கிலிகளை அகலமாகப் பிரித்துப் பிடிக்கும் இரும்புச் சட்டம்) இவற்றின் எடையும் பளுவோடு சேரும்.

கிரேன்காரர் கேட்காவிட்டாலும் கால் படும் இடத்தைக் காட்டுங்கள். சுழலும்போது ஒரே காலில் கிரேனும் பளுவும் சேர்ந்த எடையில் முக்கால் பங்கு வரை விழலாம். அடியில் கழிவுநீர்த் தொட்டியோ மூடிய கால்வாயோ இருந்தால் அந்த இடம் வேண்டாம்.

டேங்க் மேலே நாலு காது இருக்கே, கொக்கியை நேராக மாட்டிவிடலாமா?

மாட்டலாம், சங்கிலி நீளம் சரியாக இருந்தால். குட்டையான சங்கிலி படுத்துக்கொள்ளும், படுக்கப் படுக்க இழுவை ஏறும். நாலு காதில் எதிரெதிர் இரண்டு மட்டுமே பாரம் தாங்குகிறது என்று வைத்துப் பார்ப்பது பாதுகாப்பான கணக்கு. ஏனென்றால் விறைப்பான டேங்கில் நாலும் சமமாக இறுகாது. 6 டன் டேங்குக்குச் சங்கிலி கிடைமட்டத்திலிருந்து 60 டிகிரியில் நின்றால் ஒரு சங்கிலிக்குச் சுமார் 3.5 டன். 45-இல் 4.2 டன். 30-இல் 6 டன், ஒரு சங்கிலியே முழு டேங்கையும் தூக்குவதுபோல. காதையும் அது உள்பக்கமாக மடக்கும்.

எளிய வழி ஒன்று உண்டு. மூலைவிட்டத்தில் காதுக்குக் காது அளந்து, அதே நீளத்துக்குச் சங்கிலி எடுத்தால் 60 டிகிரி தானாக அமையும். 6 மீட்டருக்கு 2.4 மீட்டர் டேங்குக்கு அது சுமார் 6.5 மீட்டர். அப்போது கொக்கி டேங்கின் மேலிருந்து 5.6 மீட்டர் உயரத்தில் இருக்கும், டேங்கின் உயரத்தையும் லாரித் தளத்தையும் கூட்டினால் தரையிலிருந்து பத்து மீட்டரை நெருங்கும். கொட்டகைக் கூரைக்குள் இறக்க நினைத்தவர்கள் இங்கேதான் திட்டத்தை மாற்றுகிறார்கள். பரப்புச் சட்டம் போட்டால் உயரம் குறையும். அப்புறம், அந்தக் காதுகள் பெரும்பாலும் காலி டேங்குக்கு மட்டும் கணக்கிட்டவை.

மின்கம்பி எவ்வளவு தள்ளி இருந்தால் பரவாயில்லை?

50 கிலோவோல்ட் வரையுள்ள கம்பிக்குக் குறைந்தது 3 மீட்டர் என்று பரவலாகப் பின்பற்றப்படும் விதி ஒன்று இருக்கிறது. உங்கள் நாட்டு விதி அதைவிடக் கடுமையாக இருந்தால் அதுதான். கிரேன் கை முழுதாக நீண்டு, காற்றில் பளு ஆடி, கம்பியும் ஆடும் நிலையில் இந்த இடைவெளி இருக்க வேண்டும். சந்தேகம் என்றால் மின்சாரத்தை நிறுத்தி வாங்குங்கள்.

காற்று அடித்தால் நிறுத்தணுமா?

பல கிரேன்களுக்கு எல்லை நொடிக்கு 9 அல்லது 10 மீட்டர், மணிக்குச் சுமார் 35 கிலோமீட்டர். காலி டேங்க் எடைக்குப் பெரிய முகப்பு, அதனால் அதற்கும் முன்பே நிறுத்துவது நல்லது. இரண்டு முனையிலும் வழிகாட்டிக் கயிறு கட்டுங்கள். கயிறு பிடிப்பவர் அதைக் கையில் சுற்றிக்கொள்ளக் கூடாது.

தரை கெட்டியாகத்தான் இருக்கு. தளம் போட்டே ஆகணுமா?

கால் வைத்தால் கெட்டியாகத் தெரியும் மண்ணும் டேங்குக்குக் கெட்டி இல்லை. 20,000 லிட்டர் டீசல் 16.8 டன், டேங்க் 6 டன், மொத்தம் சுமார் 23 டன். நாலு மூலை வார்ப்பில் மட்டும் நின்றால் ஒரு மூலைக்கு ஐந்தே முக்கால் டன். மூலை வார்ப்பின் அடிப்பரப்பு 178-க்கு 162 மில்லிமீட்டர்தான், அதாவது சதுர மீட்டருக்குச் சுமார் 200 டன் அழுத்தம். சாதாரண இறுகிய மண் 10 முதல் 20 டன் தாங்கினாலே பெரிது. காலியாக வைக்கும்போது ஒன்றும் ஆகாது. நிரப்பி, ஒரு மழை பெய்ததும் ஒரு மூலை இறங்கும். அதன் பிறகு அளவுகோல் காட்டும் லிட்டர் எல்லாம் பொய்.

கான்கிரீட் தளமோ, நிரம்பிய எடைக்குக் கணக்கிட்ட விட்டங்களோ முன்கூட்டியே தயாராக இருக்கட்டும். லாரி வரும் நாள் கான்கிரீட் ஈரமாக இருக்கக் கூடாது என்று சொல்லவே வேண்டாம், ஆனாலும் சொல்கிறேன்.

லாரி வந்ததும் எங்கே கையெழுத்துப் போடுவது?

கடைசியில். முதலில் கட்டு அவிழ்ப்பதற்கு முன்பே நாலு பக்கமும் படம் எடுங்கள். அடிச்சட்டத்தின் மூலைகள், வெல்டிங் ஓரங்களில் பெயிண்ட் வெடிப்பு, பம்பு அறைக் கதவு, அளவுமானி, வால்வுகள் இவற்றைப் பாருங்கள். அடிபட்டிருந்தால் பொதுவாக ‘சேதம்’ என்று எழுதாமல், எங்கே என்ன என்று டெலிவரிச் சீட்டிலேயே எழுதி, ஓட்டுநரிடமும் கையெழுத்து வாங்குங்கள்.

வெளியில் தெரியாத சேதத்துக்கு அவகாசம் குறைவு. ஹேக்-விஸ்பி விதிகள் பொருந்தும் கடல் சரக்கில் 3 நாளுக்குள், சி.எம்.ஆர். ஒப்பந்தம் பொருந்தும் சாலைச் சரக்கில் 7 நாளுக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். இரண்டு சுவருக்கும் நடுவிலான கசிவுச் சோதனையை ‘அடுத்த வாரம் பார்த்துக்கலாம்’ என்று தள்ளக் கூடாததற்கு இதுதான் காரணம்.

இறக்கி வைத்தாச்சு. உடனே நிரப்பலாமா?

காற்றுக்குழாயை முதலில் பாருங்கள். பயணத்தில் தூசியும் தண்ணீரும் போகாமலிருக்க அதன் வாயில் பிளாஸ்டிக் மூடியோ டேப்போ ஒட்டி அனுப்புவார்கள், உயரத்தில் இருப்பதால் கண்ணில் படாது. அதோடு நிரப்பினால் டேங்க் உப்பும். எப்படியோ நிரப்பிவிட்டு பம்பால் எடுக்கும்போது உள்ளே வெற்றிடம் உண்டாகும். வளிமண்டல அழுத்தத்தில் இருபதில் ஒரு பங்கு குறைந்தால் போதும், 12 சதுர மீட்டர் பக்கச் சுவரின் மேல் வெளிக்காற்று சுமார் 6 டன் விசையோடு அழுத்தும். தட்டைச் சுவர் அதைத் தாங்காது, உள்வாங்கி மடங்கும்.

மூடியை எடுத்தாச்சு என்றால் மட்டம் பாருங்கள், பூமி இணைப்பு கொடுங்கள், அதிர்வில் தளர்ந்த குழாய் இணைப்புகளை இறுக்குங்கள், அடிவால்வு மூடியிருக்கிறதா என்று கையால் திருப்பிப் பாருங்கள். முதலில் கொஞ்சம் நிரப்பிக் கசிவு பார்த்த பிறகு மீதி. விளிம்பு வரை வேண்டாம்: 10,000 லிட்டர் டீசல் 20 டிகிரி சூடேறினால் 160 லிட்டருக்கு மேல் விரியும்.

நிரம்பிய டேங்கை எங்கள் வளாகத்துக்குள்ளேயே பத்தடி தள்ளி வைக்கணும். பொது ரோடு இல்லையே, தூக்கிடலாமா?

ரோட்டு விதி பொருந்தாமல் போகலாம். காதின் தாங்குதிறன் ரோட்டைப் பார்த்து மாறாது. காலி எடைக்கான காது, காலி எடைக்கான பொந்து, அலையும் திரவம் பற்றி மேலே சொன்ன எல்லாம் பத்தடிக்கும் பொருந்தும். ‘நிரம்பிய நிலையில் தூக்கலாம்’ என்று தயாரிப்பாளர் எழுத்தில் கொடுத்த டேங்குகள் உண்டு. உங்களுடையது அப்படியா என்று தகட்டைப் பாருங்கள். இல்லையென்றால் ஒரு டேங்கர் லாரியை வரவழைத்து அதற்கு டீசலை மாற்றி, அடியில் நிற்கும் மிச்சத்தையும் கைப்பம்பால் எடுத்துவிட்டு நகர்த்துங்கள். பெட்ரோல் டேங்காக இருந்தால் காலியாக்கிய பிறகும் ஆவி பற்றிய எச்சரிக்கை அப்படியே இருக்கிறது. நகர்த்துவதற்கு முன் பூமிக் கம்பியையும் மின்சாரக் கேபிளையும் கழற்றச் சொல்லுங்கள். டேங்க் மேலே எழும்பிய பிறகுதான் பலருக்கு அந்தக் கேபிள் ஞாபகம் வருகிறது.